யாகூப் பாய் எனக்காக மூடிக்கொண்ட வாய்

யாகூப் பாய் இறந்த செய்தி வந்தபோது என் எதிரே ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை. கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தேன். வேலை நடுவே போன் எடுக்கும் பழக்கம் எனக்கில்லை. திரையில் நசீமாவின் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். அவள் பாயின் மகள்.

"டாக்டரம்மா, அத்தா மௌத்தாயிட்டாருங்க. காலைல அஞ்சரைக்கு. ஒங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு அம்மா சொன்னாங்க."

அந்த 'மொதல்ல' என்ற சொல்தான் என்னைக் குத்தியது. சரி என்று சொல்லிவிட்டுப் பல்லை அடைத்து முடித்தேன். அதன் பிறகு வந்த மூன்று பேரையும் பார்த்தேன். மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் தெருமுனை வரை போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் செங்கம் ரோட்டுக் கடைக்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அதிகம், கூட்டம் அதிகம், பிறகு வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். வெயிலும் கூட்டமும் காரணமில்லை. அந்த வீட்டுக்குள் போய் உட்கார எனக்கு முகமில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் கடையில் நின்று ஜூஸ் குடித்தவர்கள். ஆசிரமத்துக்குப் போகிற வழியில், என் பல் கிளினிக் இருக்கும் சந்தின் முனையில், பப்பாளியும் கேரட்டும் மலையாகக் குவித்த அந்தச் சிறிய கடை உங்களுக்குத் தெரியும். பௌர்ணமியன்று கிரிவலம் முடித்து வருகிறவர்களுக்கு அவர் ஐஸ் போட மறுத்துச் சண்டை போட்டதையும் பார்த்திருப்பீர்கள். "பதினாலு கிலோமீட்டர் நடந்த ஒடம்புங்க, சூடா இருக்கு. இப்ப ஐஸ் போட்டா நாளைக்கு தொண்ட கட்டிக்கிட்டு என்னைத்தான் திட்டுவீங்க" என்பார். வெள்ளைக்காரர்களிடமும் இதே தமிழில்தான் சண்டை. அவர்களும் ஏதோ புரிந்தமாதிரி தலையாட்டிவிட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

என்னை அவர் பார்ட்னர் என்று சொல்லிக்கொள்வார். "டாக்டரம்மா பல்ல புடுங்கி அனுப்புவாங்க. பல்லு இல்லாதவங்க நேரா எங்கிட்டதான் வரணும். ரெண்டு பேருக்கும் ஒரே பிசினஸ்." புதிதாக வந்தவர் யாராக இருந்தாலும் இந்த வேடிக்கையைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஆயிரம் தடவையும் சிரித்திருப்பேன்.

நான்கு வருஷத்துக்கு முன்பு அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்தபோதுதான் அதைப் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்பக்கம், கீழ் ஈறை ஒட்டி, வெள்ளையாக ஒரு படலம். புகையிலையை அடக்கி வைத்துக்கொள்ளும் இடம். அன்று மாலையே அவரைக் கிளினிக்குக்கு இழுத்துவந்து உட்காரவைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். துணியால் துடைத்தேன், போகவில்லை. இப்படிப்பட்ட படலம் எல்லாமே புற்றாக மாறுவதில்லை. ஆனால் வாய்ப்புற்று பல சமயம் இப்படிப்பட்ட படலத்திலிருந்துதான் வருகிறது. இதை அவரிடம் சொன்னேன். புகையிலையை விட்டே ஆகவேண்டும் என்றும் சொன்னேன். அதுவரை நான் செய்தது சரி.

பாய் முகம் வாடிவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. என் குணம் அப்படி. பயந்த முகத்தைப் பார்த்தால் உடனே ஏதாவது இனிப்பாகச் சொல்லித் தேற்றிவிட வேண்டும். "எதுக்கு பாய் பயப்படறீங்க? மருந்து ஒங்க கடையிலேயே இருக்கு" என்றேன்.

பிறகு பாடம் எடுத்தேன். கேரட், பப்பாளி, பரங்கிக்காய், மாம்பழம் இவற்றுக்கு அந்த ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கிற சத்து முருங்கைக்கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும்கூட உண்டு, பச்சை அதை மறைத்துவிடுகிறது. இந்தச் சத்தில் ஒரு பகுதியை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வாயின் உள்தோல் கெடாமல் புதுப்பித்துக்கொள்ள அது வேண்டும். கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்து அழிக்கிற வேலை நம் நோய் எதிர்ப்புச் சக்தியுடையது. அது சுறுசுறுப்பாக இருக்கவும் இந்தச் சத்து உதவுகிறது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று குறைவாக வருகிறது என்பதும் பல காலமாகத் தெரிந்த விஷயம். கொஞ்சம் கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும் என்றும் சொன்னேன். மறுநாளிலிருந்து கேரட் ஜூஸில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட ஆரம்பித்தார். உங்களில் பலருக்கு அந்த ருசி பிடித்துப்போனது. காரணம் இதுதான்.

நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை. எல்லாம் கேட்டு முடித்து அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ போயிலய கம்மி பண்ணிட்டு கேரட்ட ஜாஸ்தி பண்ணா போதுமாங்க?"

'போதாது' என்பது மூன்றெழுத்து. எனக்கு வாயில் வரவில்லை. "மொதல்ல பண்ணுங்க, பாப்போம்" என்று சிரித்தேன். படலத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதையும் அடுத்த தடவைக்குத் தள்ளிப்போட்டேன்.

பாய் எதையும் பாதியாகச் செய்கிறவர் இல்லை. காலையில் ஒரு டம்ளர், கடை மூடும்போது ஒரு டம்ளர். மதியச் சோற்றில் கீரை. நாலைந்து மாதத்தில் அவர் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகி, ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. மஞ்சள்காமாலை என்று பயந்து ஷம்ஷாத் அம்மா, அவர் மனைவி, என்னிடம் ஓடி வந்தார். கண்ணைப் பாருங்கள், வெள்ளையாகத்தானே இருக்கிறது, இது கேரட்டின் நிறம், கெடுதல் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பாய்க்கு ஒரே பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் கையை விரித்துக் காட்டினார். "ஒடம்புக்குள்ள வாட்ச்மேனுங்க இருக்காங்களாம். டாக்டரம்மா சொன்னாங்க. அவங்களுக்கு இந்தக் கலருதான் டீ. டீ குடிக்காத வாட்ச்மேன் தூங்கிடுவான்ல?" எனக்கு ஐந்து வருஷம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

படலமும் சுருங்கியது. நான் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு வெளிறிய கோடு மட்டும்தான் மிச்சம். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை. இந்தச் சத்தைக் கொடுத்தால் படலம் சுருங்குவது உண்டு, பிறகு திரும்பி வருவதும் உண்டு. இதை நான் படித்திருந்தேன். புகைபிடிக்கிறவர்களுக்கு இதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில் நன்மைக்குப் பதிலாகக் கெடுதல் வந்தது என்பதையும் படித்திருந்தேன். படித்த அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வாய்ப்புற்று விழிப்புணர்வு முகாமுக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

மேடையில் பாயை நிற்கவைத்தேன். "பாய், கையக் காட்டுங்க" என்றேன், காட்டினார். "வாயத் தொறங்க" என்றேன், திறந்தார். டார்ச் அடித்து, "இங்கே இருந்த படலம் இப்போது இல்லை. மருந்து என்ன தெரியுமா? கேரட், பப்பாளி!" என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. பாய் சலவைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார். அப்படி ஒரு கூட்டம் தனக்காகக் கைதட்டி அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அவர் கையை விரித்து நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கிக் கிளினிக் சுவரில் மாட்டினேன். அதன் பிறகு இன்னும் நான்கைந்து முகாம்கள். ஒவ்வொன்றிலும் அவர் கை, அவர் வாய், என் பேச்சு. புகையிலையை விட்டுவிட்டீர்களா என்று அவரிடம் நான் தனியாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விட்டுவிட்டார் என்று மேடையில் நானே சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் எப்படி இல்லை என்பார்?

போன வருஷம் அடுத்த முகாமுக்குக் கூப்பிட்டபோது வீட்டில் விசேஷம் என்றார். அதற்கடுத்ததற்குக் கடையில் ஆளில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "பாய்க்கு இப்ப பெரிய ஆளுன்னு நெனப்பு வந்துடுச்சு. நாமெல்லாம் கண்ணுக்குத் தெரியமாட்டோம்" என்று அவர் கடையில் நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன். அவர் உதட்டைத் திறக்காமல் சிரித்தார். அந்தச் சமயத்தில் அவர் எல்லாச் சிரிப்பையுமே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். வயதாக ஆக மரியாதை கூடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கன்னத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான்.

ஒருநாள் மதியம் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "டாக்டரம்மா, ஒருத்தருக்கு சரியாப் போனது திரும்பி வந்துச்சுன்னா அது டாக்டர் தப்பா, அவரு தப்பாங்க?"

எனக்கு நோயாளி காத்திருந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னேன். "அவரு தப்புதான் பாய். சொன்னத ஒழுங்காக் கேட்டிருந்தா ஏன் வருது?"

"ஆமாங்க, கரெக்ட்டு" என்றார். டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார். யாருக்கு, என்ன என்று நான் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து நசீமா அவரைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். அவராக வரவில்லை, சோறு சாப்பிட முடியவில்லை என்று கண்டுபிடித்து இழுத்து வந்திருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. புண் தாடைவரை போயிருந்தது. கழுத்தில் நெறிகட்டிக் கல்லாக இருந்தது. தலைக்கு மேலே சுவரில் அவருடைய போட்டோ. அவர் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நசீமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து பாய்?" என்றேன்.

விரலால் ஒன்று காட்டினார். ஒரு மாதமா என்றேன். தலையாட்டி மறுத்தார். ஒரு வருஷம்.

"ஏன் எங்கிட்ட காட்டல?"

அவர் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. நசீமாதான் அழுகையை அடக்கிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். "ஊரு முழுக்க அவரு மூஞ்சிய காட்டி பேசியிருக்கீங்களாம். அவருக்கே திரும்பி வந்துடுச்சுன்னு தெரிஞ்சா ஒங்க பேச்சு பொய்யாயிடுமாம். அப்புறம் யாரு ஒங்கள நம்பி வருவாங்கன்னு கேக்கறாரு."

என் பெயர் கெடக்கூடாது என்று ஒரு மனிதர் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் காட்டியிருந்தால் அறுவை செய்து காப்பாற்றியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. சென்னையில் பார்த்த மருத்துவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இப்போது தாமதமாகிவிட்டது என்றார்கள். கதிர் சிகிச்சை கொடுத்து அனுப்பினார்கள். ஜூஸைக்கூடக் குழாய் வழியாக இறக்கும் நிலைக்கு வந்து, அப்படியே நான்கு மாதம் இருந்தார். நான் வாரம் ஒருமுறை போய் வந்தேன். போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய், வலி எப்படி இருக்கிறது, மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்களோடு தரையில் விரித்த பாயில் உட்காரவைத்தார்கள். ஷம்ஷாத் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தி ஒரு வார்த்த கொறையா சொல்லலம்மா அவரு, கடைசி வரைக்கும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கு மேல் தாங்கமுடியாமல், "இது என் தப்பும்மா" என்று சொல்லிவிட்டேன். இல்லை இல்லை என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமாம்மா. கொஞ்சம் ஒங்க தப்பு, ஜாஸ்தி அவரு தப்பு. போயிலய விட்டேன்னு எங்கிட்டயும் பொய்தான் சொன்னாரு. நீங்க அவர சந்தோஷப்படுத்தினீங்க, அவரு ஒங்கள சந்தோஷப்படுத்தினாரு. ரெண்டு பேரும் அதையே பண்ணிக்கிட்டு இருந்துட்டீங்க."

என்னைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

ஆகவே, என் முகாம்களுக்கு வந்து கைதட்டிய உங்களிடம் நான் சொல்லவேண்டியது இது. கேரட்டும் பப்பாளியும் கீரையும் நல்லவை, தினமும் சாப்பிடுங்கள். அவை உடம்புக்குத் துணை. புகையிலையை வாயில் வைத்துக்கொண்டு அவற்றைச் சாப்பிட்டால் அந்தத் துணை போதாது. வாயில் வெள்ளைப் படலமோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் எந்தக் காய்கறியையும் நம்பிக் காத்திருக்காமல் வந்து காட்டுங்கள். சுருங்கினாலும் வந்து காட்டுங்கள். மேடையில் நான் சொன்னது பாதி. மீதியையும் அன்றே சொல்லியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும், பாய் இருந்திருப்பார்.

போன வாரம் அவர் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் செல்வம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். படுக்கையில் கிடந்தபோது பாய் அவரைக் கூப்பிட்டு அனுப்பி, போய் ஒரு தடவை வாயைக் காட்டிவிட்டு வா என்று சைகையால் சொல்லியிருக்கிறார். பாய் சொன்னாரே என்றுதான் வந்தேன், மற்றபடி தொந்தரவு எதுவுமில்லை என்றார்.

"எப்படி இருக்கு செல்வம்?"

"நல்லா இருக்குங்க டாக்டரம்மா. ஒண்ணும் இல்லீங்க. நீங்க சொன்னமாரி கேரட்டுகூட சாப்புடறேன்."

அந்தக் குரலில் இருந்த பிரியம் எனக்குப் பழக்கமானது. முன்பென்றால் அதைக் கேட்டு முகம் மலர்ந்து, சபாஷ் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"எனக்காக நல்லா இருக்குன்னு சொல்ல வேணாம் செல்வம்."

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "உள்ள எரியுதுங்க. மூணு மாசமா" என்றார். வாயைத் திறந்தார். அன்றைக்கே சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன்.

யாகூப் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது செல்வத்திடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். இப்போது நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் அதைச் சொல்கிறேன். அவரிடம் நான் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.